இரண்டாவது அம்மி

எங்கள் லோரோங் ஒரு குறுகின சந்து. ஒரு மோட்டார் காடி நுழைந்துவிட்டால் எதிரே சைக்கிள்கூட வர முடியாது. இரண்டு பக்கமும் பலகை வீடுகள், மேலே தகரம். காஜா பெராங் பெரிய சடக்கிலிருந்து உள்ளே திரும்பியதும் முதலில் மூக்குக்கு எட்டுவது சந்திரமதி வீட்டு மசாலா. மீன் கறிக்குத் தனி, கோழிக்குத் தனி, குருமாவுக்குத் தனி என்று அம்மியில் அரைத்து உருட்டி, வாழையிலையில் பொட்டலம் கட்டி வைப்பாள். தமிழ் வீடுகள் மட்டுமல்ல, பக்கத்துக் கம்பத்துக் குடியிருப்பில் தலைமுறையாகத் தமிழை மறந்துபோன செட்டி வீட்டுப் பெண்களும் வந்து மலாயில் பேசி வாங்கிப் போவார்கள். மீந்ததைக் கூடையில் வைத்துக்கொண்டு பாசாருக்குப் போவாள். நான் அவளுக்கு எதிர்வீடு. இடியாப்பம் பிழிந்து விற்கிறவள். அவளுடைய கல்லும் என்னுடைய அடுப்பும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ளும்.

கேட்டுக் கேட்டு அந்தக் கல்லின் பேச்சே எங்களுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. ஊறின மிளகாயை முதலில் நசுக்கும்போது ஒரு சத்தம், அது மசிந்து வரும்போது வேறு சத்தம், மல்லி சேர்ந்தால் இன்னொன்று. சந்திரமதிக்கும் புருஷனுக்கும் சண்டை என்றால் அதுவும் கல்லில் தெரியும். தேவதாஸ் முனிசிபலில் சடக்குக்குத் தார் ஊற்றுகிறவர். வீட்டில் வாய் திறக்காத மனிதர். அதனால் சண்டையில் கேட்பதெல்லாம் சந்திரமதியின் பக்கம் மட்டும்தான்.

மெர்டேக்கா வருகிறது, வெள்ளைக்காரன் போகிறான் என்று கோப்பிக் கடையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்த இந்த வருடத் தொடக்கத்தில்தான் கமலவேணியை அந்த வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சந்திரமதியின் அக்கா மகள். அக்கா ஜாசினுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்து காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு சிவகாமசுந்தரி என்று ஒருத்தி தோட்டத்துக்கு வந்தாளாம். சிங்கப்பூரில் மாப்பிள்ளை இருக்கிறான் என்று சொல்லிப் பெண்ணை அழைத்துக்கொண்டு போய், ஒரு வீட்டில் விற்றுவிட்டாள். எந்த மாதிரி வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் புகுந்து மீட்டபோது தகப்பன்காரன், என் பெண் செத்துப்போய்விட்டாள் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். பெண்ணைச் சர்க்கார் ஹோமில் வைத்திருந்தார்கள். சந்திரமதி போய், இது என் அக்கா பெற்றது என்று சொல்லிக் கூட்டி வந்தாள்.

எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் நாங்கள் யாரும் கேட்கவில்லை. புண்ணைக் கிளறக் கூடாது என்பதில் லோரோங்கே ஒரே கட்சி. அவளைப் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசுவோம், மீன் விலையைப் பற்றிப் பேசுவோம். அதுதான் மரியாதை என்று எங்களுக்கு நினைப்பு.

வந்த கொஞ்ச நாளில், ஒரு மத்தியானம், அவள் உயிரை விடப் பார்த்தாள். எப்படி என்று கேட்காதீர்கள். அதைச் சொல்கிற வாய் எனக்கு இல்லை, சொல்லி ஒருவருக்கும் நல்லது நடக்கப் போவதும் இல்லை. பக்கத்து வீட்டு ஷரீஃபா லாத்தா சமயத்தில் பார்த்துவிட்டதால் பிழைத்தாள்.

சாகத் துணிந்து பிழைத்தவர்கள் மேல் கேஸ் போடுகிற சட்டம் ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு போலீஸ் மாத்தா அவள் கட்டில் பக்கத்தில் வந்து தொப்பியைக் கழற்றாமல் நின்றான். டிரஸ்ஸர் மாணிக்கவாசகம் நல்ல மனிதர், பெண் சாப்பிடாமல் மயங்கி விழுந்தாள் என்று எழுதிக் கொடுத்து அவனை அனுப்பி வைத்தார். விற்ற சிவகாமசுந்தரியை எந்த மாத்தாவும் தேடிப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சந்திரமதியின் அடுப்படியில் நாங்கள் கூடியிருந்தோம். அவள் உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தேவதாஸ் நகக்கண்ணில் ஏறியிருந்த தாரைச் சுரண்டிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"நான் விடிஞ்சா வேலைக்குப் போயிடுறேன். நீ கூடையைத் தூக்கிட்டுப் பாசாருக்குப் போயிடுற. யாரு இவளைப் பாத்துக்கிறது? திரும்ப ஹோமுக்கே அனுப்பிடலாம் சந்திரா. அங்க காவல் இருக்கு."

"காவல் போட்ட வீட்டுலதானே இத்தனை நாளும் கிடந்தா. மறுபடியும் காவலா?" என்றாள் சந்திரமதி.

"செத்துக்கித்துப் போயிட்டா?"

"அந்தப் பேச்சு வேணாம். அவ காதுல விழும்."

ஷரீஃபா லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இருவரையும் பார்த்தாள். பண்டார் ஹிலிர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஹாஜாவின் பெண்சாதி. அக்காவை அவர்கள் லாத்தா என்பார்கள், எங்களுக்கும் அவள் லாத்தாதான். சந்திரமதி வீட்டுக்கும் லாத்தா வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே பலகைச் சுவர்.

"எங்கூட்டுக் கொல்லையில ஒரு அம்மி சும்மாக் கிடக்கு. கல்லு நல்ல கல்லு, கொத்தி வச்சா போதும். தம்பி, அதைத் தூக்கிட்டு வந்து சந்திராவோட அம்மிக்கு எதுத்தாப்புல போடுங்க. புள்ளை மசாலா அரைக்கட்டும்."

"அரைச்சா சரியாப் போயிடுமா லாத்தா?" என்றார் தேவதாஸ்.

"சரியாப் போவும்னு நான் சொல்லலயே. பலகைக்கு அந்தாண்ட நான் இருக்கேன். எதுக்க அஞ்சலை இருக்கா. சந்திரா வெளிய போனாலும் கல்லுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா புள்ளை இருக்கானு தெரியும். நின்னா நாங்க குரல் குடுப்போம்."

"என்னன்னு குடுக்கிறது?" என்று கேட்டேன்.

"பசியாறியாச்சானு கேளு. வேற என்ன கேப்பே, வழக்கமா கேக்கிறதுதானே."

காலையில் யார் யாரைப் பார்த்தாலும் எங்கள் ஊரில் அதைத்தான் கேட்போம். இடியாப்பமோ ரொட்டியோ, காலை ஆகாரம் ஆயிற்றா என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஓர் உயிரைக் காவல் காப்பது என்று முடிவானது. பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. எங்கள் கையில் வேறொன்றும் இருக்கவில்லை.

இரண்டு அம்மிகளும் எதிரெதிராக உட்கார்ந்தன. சந்திரமதி ஊற வைத்துக் கொடுப்பாள், கமலவேணி அரைப்பாள். முதல் வாரம் கையெல்லாம் மிளகாய் எரிச்சல். இரவில் தேங்காயெண்ணெய் தடவி, கையை விரித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எரிகிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். சோற்றைப் போட்டுச் சாப்பிடு என்றால்தான் சாப்பிடுவாள், எழுந்திரு என்றால்தான் எழுந்திருப்பாள். ஆனால் மசாலா மட்டும் வெண்ணெயாக வந்தது. சந்திரமதியின் கையைவிடப் பெண்ணின் கை மசிய அரைக்கிறது என்று செட்டி வீட்டுப் பெண்கள் சொல்லி, அவளுடைய பொட்டலத்தைக் கேட்டு வாங்கினார்கள்.

கல் நிற்கும். மாவுக் கையோடு வாசலுக்கு ஓடி, "வேணி, பசியாறியாச்சா?" என்பேன். அதே நேரம் பலகைக்கு அந்தப் பக்கம் லாத்தாவும் கேட்பாள். "ஆச்சுக்கா" என்று ஒரு குரல் வரும். மறுபடி கல் நகரும். எங்களுக்கும் மூச்சு வரும். மாதங்கள் இப்படியே போயின. அவள் தேறிக்கொண்டு வருகிறாள் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். உண்மையில் அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்லிக்கொண்டால் எங்களுக்குத் தூக்கம் வந்தது.

ஒரு சாயங்காலம் நான் இடியாப்பத்துக்குச் சம்பல் அரைத்து வாங்கப் போயிருந்தேன். இருவரும் எதிரெதிரே அரைத்துக்கொண்டிருந்தார்கள். கமலவேணி குழவியை நிறுத்தாமலே பேச ஆரம்பித்தாள்.

"சித்தி, அன்னிக்குத் தோட்டத்துல அந்தம்மா என்னைக் கிளப்பினப்போ..."

"வேணாம்டி கண்ணு," என்று சந்திரமதி மறித்தாள். "அதெல்லாம் எதுக்கு இப்ப. மறந்துடு. நீ பொறந்ததே இந்த வீட்டுலதான்னு நெனச்சுக்க."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன பக்குவமாகப் பேச்சை மாற்றிவிட்டாள் என்று எனக்குச் சந்திரமதி மேல் மதிப்புக் கூடியது.

ஆகஸ்டு பிறந்ததும் லோரோங் முழுக்கத் தோரணம். மெர்டேக்கா அன்று பண்டார் ஹிலிர் திடலில் கொடியேற்றம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அணிவகுப்பு. கமலவேணியையும் கூட்டிப் போக வேண்டும் என்று சந்திரமதி பிடிவாதமாக இருந்தாள். "ஊருக்கே விடியுது, இவளுக்கும் கொஞ்சம் விடியட்டும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். பெண் வந்த நாளிலிருந்து தலையில் பூ வைத்ததில்லை. அந்தக் குறை சந்திரமதியின் மனதில் கிடந்து உறுத்தியிருக்கிறது.

அன்று காலை லேசான தூறல். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்தினாள். ரோஸ் நிறத்தில் புதுப் புடவை. கண்ணுக்கு மை, கைக்குக் கண்ணாடி வளையல், கோயிலடியிலிருந்து வாங்கி வந்த மல்லிகை. தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவளுக்குப் போட்டாள். லோரோங்குப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று பார்த்தோம். கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் ஆமாம் என்றோம்.

கமலவேணி வளையலுக்குக் கையை நீட்டச் சொன்னால் நீட்டினாள், பூவுக்குத் தலையைக் குனியச் சொன்னால் குனிந்தாள். அழவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சித்தி, நீங்களும் இதே காடியிலதானே வருவீங்க?"

"பின்ன? உன்னைத் தனியாவா அனுப்புவேன்."

தம்பிராஜாவின் வாடகைக் காடி லோரோங் முனையில் வந்து நின்றது. தேவதாஸ் முன்னால் ஏறினார். பின்னால் கமலவேணியை நடுவில் உட்கார வைத்து நான் ஒரு பக்கம் ஏறினேன். லாத்தாவுக்குக் கூட்டத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. ஆனால் அவளுடைய பிள்ளைகள் நாங்களும் வருவோம் என்று அழுது, அவர்களும் ஏறிக்கொண்டார்கள். காடி நிறைந்துவிட்டது. சந்திரமதி ஒரு காலை உள்ளே வைத்துப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

"நீ முன்னாடி போ கண்ணு. நான் பஸ்ஸைப் புடிச்சுப் பின்னாடியே வந்துடுறேன்."

காடி கிளம்பியது. கமலவேணி திரும்பி, பின்கண்ணாடி வழியாகச் சித்தியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முனை திரும்பி ஆள் மறைந்த பிறகும் கழுத்து திரும்பவில்லை. பிள்ளைகள் என் மடியை மிதித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

திடலில் எள் போட இடமில்லை. குடைகள், கொடிகள், பேண்டு வாத்தியம். கூட்டம் கையை உயர்த்தி மெர்டேக்கா என்று முழங்கியது. உயர்ந்த கைகள் எல்லாம் இறங்கியபோது எங்கள் நடுவே கமலவேணி இல்லை.

முதலில் பிள்ளைகளோடு போயிருப்பாள் என்று நினைத்தோம். பிள்ளைகள் இருந்தார்கள். தண்ணீர்ப் பந்தலில் தேடினோம், மரத்தடிகளில் தேடினோம். தேவதாஸ் ஒன்றும் சொல்லாமல் ஒரு பக்கமாக ஓடினார். என்ன பயத்தில் ஓடினார் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அப்போது சந்திரமதி பஸ்ஸிலிருந்து இறங்கி, கையில் புளிச்சோற்றுத் தூக்கோடு, முகமெல்லாம் சிரிப்பாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"வேணி எங்க?" என்றாள்.

தூக்கை அவள் தரையில் வைத்த மாதிரிதான் எனக்கு ஞாபகம். திரும்பி வந்து எடுத்தவர்கள் யாரும் இல்லை.

அந்த நேரத்தில் லோரோங்கில் நடந்ததை ஷரீஃபா லாத்தா பிறகு எனக்குச் சொன்னாள். ஊரே காலி. கோழி கொக்கரிக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டதாம். லாத்தா அரிசி களைந்துகொண்டிருந்தபோது பலகைக்கு அந்தப் பக்கம் அம்மி ஓடியது. எல்லாரும் போய்விட்டார்களே, யார் அரைப்பது என்று காதைக் கொடுத்தாள். சத்தம் சரியாக இல்லை. மிளகாயும் இல்லை, மல்லியும் இல்லை. கல்லும் கல்லும் மட்டும் உரசுகிற சத்தம். லாத்தா அரிசியை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லை வழியாக ஓடினாள்.

ரோஸ் புடவையோடு கமலவேணி தன் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து வெறுங்கல்லை அரைத்துக்கொண்டிருந்தாள். திடலிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். காலெல்லாம் சேறு. வளையல் உடைந்து கையில் ரத்தம். பூவைப் பிய்த்துத் தரையெல்லாம் போட்டிருந்தாள். லாத்தா எதிர் அம்மிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"என்ன புள்ளே இது?"

"லாத்தா, கல்லு நின்னா நீங்க கேப்பீங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"முதல் மாசமே தெரியும். ஒரு நாள் பொழுது சாயிற நேரத்துல வேணும்னே நிப்பாட்டிப் பாத்தேன். அந்தப் பக்கம் அஞ்சலையக்கா, இந்தப் பக்கம் நீங்க, ரெண்டு பேரும் பசியாறியாச்சானு கேட்டீங்க. அந்நேரத்துல யாரு லாத்தா பசியாறுவா."

குழவி முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு யாரும் இல்லை. நிப்பாட்டினா யாரும் கேக்க மாட்டாங்க. யாரும் கேக்கலைன்னா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியும். அதான் லாத்தா, பயந்துகிட்டு அரைச்சுக்கிட்டே இருக்கேன்."

இத்தனை மாதத்தில் எங்களில் ஒருத்தியும் கேட்காததை லாத்தா அப்போது கேட்டாள்.

"சாகணும்னு இருக்கா?"

"இருக்கு."

"இப்பவுமா?"

"எப்பவும் இருக்கு."

"சரி. எந்திரிச்சுப் போவ மாட்டேன், இங்கனதான் உக்காந்திருப்பேன். அன்னிக்குத் தோட்டத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்லு. எம்புட்டு நேரமானாலும் சொல்லு."

குழவி நின்றது. கமலவேணி சொன்னாள். சிவகாமசுந்தரி அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதை, சாம்பிராணி போட்டதை, புதுப் புடவை கட்டி மை தீட்டிப் பூ வைத்து, தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் போட்டதை. தோட்டத்து லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் நின்று கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறாள் என்று சொன்னதை. காடியில் நடுவில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, நீ முன்னாடி போ கண்ணு, நான் பின்னாடியே வந்துடுறேன் என்று சொன்னதை.

"சித்தியும் என்னை வித்துட்டாங்கன்னு நெனச்சேன் லாத்தா. சித்தியுமான்னு நெனச்சேன். யாருகிட்டன்னுதான் தெரியல."

அதைச் சொல்லும்போது சந்திரமதி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நானும் தேவதாஸும். திடலில் எங்கும் காணாமல், பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தம்பிராஜாவின் காடியில் நாங்கள் பறந்து வந்திருந்தோம். சந்திரமதிக்கு உள்ளே போகவும் கால் வரவில்லை, வெளியே போகவும் வரவில்லை.

"நான் பஸ்ஸுல வந்தேன்டி," என்றாள். "உன் பின்னாடியேதான் வந்தேன்."

"அவளும் வருவான்னுதான் சித்தி நெனச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. சந்திரமதி அப்படியே நிலைப்படியில் சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். லாத்தா எழுந்து போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அந்தச் சிவகாமசுந்தரி, ஊரார் பெண்ணுக்குச் செய்கிற அத்தனை நல்லதையும் ஒவ்வொன்றாகத் தொட்டு அழுக்காக்கிவிட்டுப் போயிருக்கிறாள். பூவை வைத்தும் இனி அந்தப் பெண்ணுக்குப் பிரியத்தைக் காட்ட முடியாது. அம்மியடியில் அவள் பேச வந்த அன்று சாயங்காலம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கும்.

தேவதாஸ்தான் முதலில் அசைந்தார். தரையில் கிடந்த பூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வேட்டியில் கட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று தெரியாது. ஹோமுக்கு அனுப்புகிற பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

கமலவேணி தேறிவிட்டாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தேறவில்லை. ஷரீஃபா லாத்தா தினம் ஒரு தடவை வந்து உட்கார்ந்து, இன்னிக்கு எப்படிப் புள்ளே இருக்கு என்று கேட்கிறாள். சில நாள், இருக்கு லாத்தா என்கிறாள். சில நாள், இன்னிக்கு ரொம்ப இருக்கு என்கிறாள். அப்படிச் சொன்ன நாளில் லாத்தா சமைக்கப் போவதில்லை, ஹாஜாவே கடையிலிருந்து ரொட்டி வாங்கி வந்து தின்றுகொள்கிறார். சந்திரமதி பாசார் கூடையை விட்டுவிட்டாள். எங்கே போனாலும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறாள். முன்னாலும் போவதில்லை, பின்னால் வருகிறேன் என்றும் சொல்வதில்லை. அவளும் ஒரேயடியாகக் கிழவியாகிவிட்டாள்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அரைத்து முடிந்ததும் கமலவேணியே குரல் கொடுக்கிறாள்.

"நிப்பாட்டப் போறேன்."

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து லாத்தாவோ, எதிரிலிருந்து நானோ, "கேட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் குழவியைக் கீழே வைப்பாள். பதில் வராவிட்டால் வைக்க மாட்டாள்.

ஆண்டுக் கடைசி மழை ஆரம்பித்துவிட்டது. தகரத்தில் அடிக்கிற அடியில் அவள் குரல் எங்களுக்குக் கேட்பதில்லை, எங்கள் குரல் அவளுக்குப் போவதில்லை. மசாலா எல்லாம் மசிந்து, கல்லில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் அவள் அரைத்துக்கொண்டே இருக்கிறாள். யாராவது ஒருத்தி நனைந்துகொண்டு போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டியிருக்கிறது.

இன்றைக்கும் பொழுது சாயும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. காதை வாசல் பக்கம் வைத்துக் கேட்டேன். மழைக்கு அடியில், வெறுங்கல் சத்தம் லேசாக வந்துகொண்டிருந்தது. மாவை மூடி வைத்துவிட்டு, தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.